லெந்து காலப் பிடியரிசி: கிரியையால் இரட்சிப்பு இல்லையென்றால் இதெல்லாம் எதற்கு என்று கேட்டால்?

மார்த்தாண்டம் வாலிபன் (கேள்வி)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் வாலிபர் ஐக்கியம் சார்பாக, லெந்து என்னும் தபசு காலத்தில், சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை, சமைக்கும்போது ஒரு பிடி அரிசி ஒதுக்கும் பிடியரிசி எடுத்து கஷ்டப்படும் வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்று முடிவாகியிருக்கிறது. 40 வீடுகள் சம்மதம் சொல்லியாயிற்று. ஆனால் திட்டக் கூட்டத்திலேயே மூன்று விதமாகப் பேச்சு வந்துவிட்டது.

ஒருவர்: "எபேசியர் 2:8, 9 தெளிவா கிடக்கு. இரட்சிப்பு கிரியையினால் அல்ல, அதாவது நம்ம செயலால வரல. இந்த அரிசி, கஞ்சி எல்லாம் கத்தோலிக்க வழக்கம்."

இன்னொருவர்: "யாக்கோபு 2:24 வாசிச்சுப் பாரும். விசுவாசத்தினால மாத்திரமல்ல, கிரியைகளினாலயும்னுதான் எழுதியிருக்கு."

மூன்றாமவர்: "எதுக்குச் சண்டை? கொடுத்தா கர்த்தர் நூறத்தனையா திருப்பித் தருவார். அதைச் சொன்னாலே எல்லாரும் அரிசி தருவாங்க."

திட்டம் தொடங்கும் முன் அரைமணி நேர வேதபாடம் ஒன்று நடத்த வேண்டும். பவுலையும் யாக்கோபையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது? பிடியரிசியை ஒழுங்காக நடத்தவும் அனுபவமுள்ளவர்கள் சொல்லித்தாருங்கள்.

---

தக்கலை வேதபாடம்

தம்பி, எபேசியர் 2-ஐ 9-ம் வசனத்தோடு மூடிவைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். 8, 9, 10 மூன்றையும் ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்லுங்கள். 9-ல் "இது கிரியைகளினால் உண்டானதல்ல". 10-ல் "நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் கிறிஸ்து இயேசுவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டு". பள்ளிக்கூடத்தில் படித்த வேற்றுமை உருபு இங்கே கைகொடுக்கும். கிரியைகளி*னால்* என்பது மூன்றாம் வேற்றுமை, எதனால் வந்தது என்று சொல்வது. செய்கிறதற்*கு* என்பது நான்காம் வேற்றுமை, எதற்காக என்று சொல்வது. இரட்சிப்பு கிரியையால் வரவில்லை, கிரியைக்காக வந்தது. கரும்பலகையில் "ஆல்", "கு" என்று இரண்டே இரண்டு எழுதிப்போட்டுப் பத்து நிமிஷம் இதிலேயே நில்லுங்கள். தீத்து 3-லும் இதே அமைப்புதான்: 5-ம் வசனம் நம்முடைய நீதியின் கிரியைகளினிமித்தம் அல்ல என்கிறது, 8-ம் வசனம் நற்கிரியைகளைச் செய்ய ஜாக்கிரதையாயிருக்கச் சொல்கிறது.

அடுத்து ஆபிரகாம். பவுல் (ரோமர் 4:3), யாக்கோபு (2:21-23) இரண்டு பேரும் அவரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆனால் நிற்கிற இடம் வேறு. பவுல் நிற்பது ஆதியாகமம் 15:6-ல். அப்போது இஸ்மவேல்கூடப் பிறக்கவில்லை. இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு வயது 86 (16:16). யாக்கோபு காட்டுவது 22-ம் அதிகாரம், ஈசாக்கைப் பலிகொடுக்கப் போன மோரியா மலை. ஈசாக்கு பிறந்தபோது தகப்பனுக்கு 100 (21:5). 22-ல் அந்தப் பிள்ளை விறகைச் சுமந்துகொண்டு மலையேறுகிறான். ஆக இரண்டுக்கும் நடுவே இருபது வருஷத்துக்குக் குறையாது. கர்த்தர் அவனை நீதிமானாக எண்ணின நாளைப் பவுல் சொல்கிறார். அது மெய்யென்று வெளியே தெரிந்த நாளை யாக்கோபு சொல்கிறார். பலகையில் நீளமாக ஒரு கோடு கிழித்து 15, 16, 21, 22 என்று அதிகாரங்களைக் குறித்து, பக்கத்தில் வயதை எழுதுங்கள். பிள்ளைகள் தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டு பேரும் எதிர்த்து நிற்கிற ஆளும் வேறு. விருத்தசேதனமும் நியாயப்பிரமாணமும் கைக்கொண்டால்தான் தேவனிடம் சேரலாம் என்பவனைப் பவுல் மறுக்கிறார். குளிரில் பசியோடு நிற்பவனிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிறவனை யாக்கோபு பிடிக்கிறார் (2:15, 16). 2:19-ஐயும் விடாதீர்கள். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. ஆக, செத்த விசுவாசம் என்று யாக்கோபு சொல்வது வெறுமனே தலையை ஆட்டிச் சம்மதிப்பதை. பவுல் சொல்லும் விசுவாசம் கலாத்தியர் 5:6-ல் இருக்கிறது: அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்.

வகுப்பில் எங்கே வழுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது "விசுவாசம் கூட்டல் கிரியை, சமம் இரட்சிப்பு" என்று கணக்கு போடுவார்கள். அப்படிப் போட்டால் உடனே எத்தனை கிலோ என்ற கேள்வி வரும். ஐந்து கிலோ கொடுத்தவன் ஆறு கிலோ கொடுத்தவனைப் பார்த்துப் பயப்படுவான். எதிர்ப்பக்கத்தில், "விசுவாசம் மட்டும்" என்பதை "நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை" என்று மொழிபெயர்ப்பவர்களும் இருப்பார்கள். ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் 12-வது இதற்கு நல்ல மருந்து. நற்கிரியை பாவத்தைப் போக்காது; ஆனாலும் கிறிஸ்துவுக்குள் தேவனுக்குப் பிரியமானது; கனியால் மரம் தெரிவதுபோல அதனால் உயிருள்ள விசுவாசம் தெரியவரும் என்று அது சொல்கிறது.

"கிரியை" என்ற சொல்லே நம் ஊர் காதுக்குச் சடங்கு வாடை அடிக்கும், ஈமக்கிரியை மாதிரி. பழைய மொழிபெயர்ப்போடு பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் அங்கே "செயல்கள்", "நற்செயல்கள்" என்று இருக்கும். பாதி மூடுபனி அதிலேயே விலகும்.

பிடியரிசி கத்தோலிக்க வழக்கம் என்றவரிடம் ஒன்று சொல்லுங்கள். மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைக்கொண்டே மிஷன் ஊழியத்தைத் தாங்கி வருகிறார்கள். அவர்களைவிடப் பெரிய சீர்திருத்தச் சபைக்காரர்களா நாம்?

---

குளச்சல் அன்பியம்

"கத்தோலிக்க வழக்கம்" என்று சொன்ன அந்தத் தம்பிக்கு வணக்கம். :) கோபமில்லை. ஆனால் ஒரு தகவல்: கத்தோலிக்கர் தங்கள் செயலால் மீட்பைச் சம்பாதிக்கிறார்கள் என்பது கேள்விப்பேச்சு. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1547-ல் ஆறாம் அமர்வில் ஏற்புடைமை (கடவுள் மனிதனை நீதிமானாக ஏற்பது) பற்றி எழுதிய முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் இறையருள் இல்லாமல் தன் செயல்களாலேயே மனிதன் ஏற்புடையவனாக முடியும் என்பவனை விலக்குகிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதே ஏற்புடைமை பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, அருளாலேயே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் நம்பிக்கையால் கடவுள் நம்மை ஏற்கிறார். தூய ஆவி நம் இதயத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006-ல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். பேறுபலன் (நற்செயலுக்குக் கிடைக்கும் தகுதி), உத்தரிக்கிற ஸ்தலம் (இறந்தபின் ஆன்மா தூய்மையாகும் நிலை) என்று வேறுபாடு இன்னும் இருக்கத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இந்த அரிசிப் பானையை வைத்து அந்தச் சண்டையை இழுக்க வேண்டாம்.

எனக்குப் பயம் மூன்றாமவர் பேச்சில்தான். நூறத்தனை என்பதை மாற்கு 10:30-ல் முழுசாக வாசியுங்கள். "துன்பங்களோடேகூட" என்று நடுவில் ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது. மேடையில் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை குடும்பத்தில் இழப்புகள் வந்து மனம் உடைந்திருந்தபோது, உதயகிரிக் கோட்டையிலிருந்த, திருவிதாங்கூர்ப் படையின் ஐரோப்பியத் தளபதி டி லனாய் அவருக்கு எடுத்துச் சொன்னது யோபுவின் கதை. நல்லவனாக இருந்தும் எல்லாம் இழந்தவன் கதை. அதைக் கேட்டுத்தான் அவர் 1745-ல் திருமுழுக்குப் பெற்றார். பிறகு வந்தது நூறு மடங்கு சொத்தா? 1749-ல் கைது, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் துப்பாக்கிக் குண்டு. கடவுளுக்குப் பிரியமாக நடந்தால் லாபம் என்று சொல்லி அரிசி வாங்கினால், அடுத்த மாதம் யாருக்காவது வேலை போகும்போது அவன் கடவுளிடம் கணக்குக் கேட்பான். அந்தக் கேள்வியை விதைத்தவர் நீங்கள் ஆவீர்கள்.

---

குலசேகரம் மலையோரம்

பாடம் நல்ல பாடம். ஆனால் அரிசிப் பானை வைப்பதற்கு முன்னால் ஒன்று பேச வேண்டும்: பாக்கி.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு நேந்திரங்குலையை ஐயாயிரத்துக்குக் கேட்பார்கள். எல்லாரும் கை தட்டுவார்கள். அடுத்த பண்டிகை வரும்போது பொருளாளர் நோட்டில் அந்த ஐயாயிரம் இன்னும் பாக்கி என்று கிடக்கும். பிரசங்கி 5:4, 5 இதற்கென்றே எழுதினது போல இருக்கிறது. பொருத்தனை செய்தால் செலுத்தத் தாமதியாதே. செய்து செலுத்தாமல் போவதைவிடச் செய்யாமல் இருப்பதே நலம்.

இதைவிடப் பெரியது கூலி. உபாகமம் 24:14, 15 அன்றன்றைய கூலியை அன்று பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்கிறது. யாக்கோபு 5:4-ல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது. நற்கிரியை பற்றி இத்தனை பேசுகிற யாக்கோபுதான் இதையும் எழுதினவர்! ரப்பர் பால்வெட்டுக்காரருக்கு இரண்டு மாசக் கூலி நிற்கும்போது, அவர் வீட்டுக்கே பிடியரிசி கொண்டுபோய்க் கொடுத்தால் அது தர்மமல்ல. அவருடைய சொந்தக் காசில் ஒரு துண்டை அவருக்கே பரிசாகக் கொடுப்பது.

லெந்து காலத்தில் இது ரொம்பப் பொருந்தும். அப்போதுதான் ரப்பர் இலை உதிர்ந்து தளிர்க்கிற நேரம். பல தோட்டங்களில் வெட்டை நிறுத்திவிடுவார்கள். வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. பழைய பாக்கி அந்த நேரத்தில் கைக்கு வந்தால் அந்த வீட்டுக்கு அரிசியே தேவைப்படாமல் போகலாம்.

எப்படித் தீர்ப்பது என்றும் வேதம் சொல்லாமல் விடவில்லை. லேவியராகமம் 6:1-5: ஏமாற்றியோ பிடித்துவைத்தோ எடுத்ததை முழுசாகத் திருப்பி, அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உடையவன் கையில் கொடுக்க வேண்டும். 10,000 ரூபாய் என்றால் 12,000. காணிக்கைப் பெட்டியில் போட்டுத் தப்ப முடியாது, உடையவன் கைக்கே போக வேண்டும். குற்றநிவாரண பலி அதற்குப் பிறகுதான் வருகிறது. சகேயு (லூக்கா 19:8) நாலத்தனையாகக் கொடுக்கிறேன் என்றது ஆட்டைத் திருடினவனுக்குரிய அளவு (யாத்திராகமம் 22:1). தன்னைத் திருடன் என்று அவனே எழுதிக்கொடுத்த மாதிரி. இதிலும் முறை மாறவில்லை, பாருங்கள்: இயேசு அவன் வீட்டுக்கு வந்துவிட்டார், அதற்கப்புறம்தான் அவன் காசை எண்ணினான்.

பெற்றோரைப் பார்க்காமல் சபைக்குக் கொடுப்பதும் இதே வகை. மாற்கு 7:11-ல் "கொர்பான்" (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லித் தப்புகிறவர்கள். 1 தீமோத்தேயு 5:8 சொந்த வீட்டாரை விசாரிக்காதவனை அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது. விசுவாசத்தை மறுதலிப்பது என்றால் நாம் சிலுவையை மிதிப்பது என்று நினைப்போம். பவுல் சொல்வதோ பெற்ற தாய்க்கு மருந்து வாங்கிக் கொடுக்காததை.

---

மார்த்தாண்டம் வாலிபன்

ஏலப்பாக்கி என்று வாசித்ததும் இரண்டு மூன்று முகம் கண்முன் வந்தது, பெயர் வேண்டாம். வேதபாடத்தின் கடைசி ஐந்து நிமிஷத்தில் இதைச் சேர்க்கிறேன். தக்கலை சாருக்கும் குளச்சல் அண்ணனுக்கும் நன்றி. பிடியரிசியை எப்படி நடத்துவது என்று யாராவது?

---

கருங்கல் பெண்கள் சங்கம்

தம்பி, எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு பிடி பச்சையாக நிறுத்தால் ஏறக்குறைய 45 கிராம் வரும். கை சின்னதென்றால் 40. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை 46 நாள் (லெந்து 40 நாள் என்பது ஆறு ஞாயிறைக் கழித்து, அரிசிக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது). வீட்டுக்கு 2 கிலோ சொச்சம். 40 வீட்டுக்கு 80 கிலோ பக்கம் நிற்கும். வீட்டுக்கு 10 கிலோ என்றால் 8 வீடு. 5 கிலோ வீதம் 16 வீட்டுக்குப் பிரித்தால் நாலுபேர் வீட்டில் ஒரு வாரம்கூடத் தாங்காது. எண்ணிக்கையைக் குறைத்து நிறைவாகக் கொடுப்பதுதான் உதவும்.

முக்கியமான சிக்கல், அரிசி கலப்பது. ஒரு வீட்டில் சம்பா (சிவப்புப் புழுங்கல்), ஒரு வீட்டில் வெள்ளைப் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் ரேஷன். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் வேகும் நேரம் ஒத்துவராது. சம்பா வேகும்போது பச்சரிசி குழைந்து கூழாகும். வாங்குகிறவர்கள் கோழிக்குப் போடுவார்கள், உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஆகவே தொடக்கத்திலேயே இரண்டு டிரம்: சம்பா ஒன்று, வெள்ளைப் புழுங்கல் ஒன்று. பச்சரிசி சமைக்கிற வீடு அதன் விலையைக் காசாகத் தரட்டும்.

வீட்டில் மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரமோ காய்ந்த பிளாஸ்டிக் டப்பாவோ போதும், இரண்டு காய்ந்த வற்றல் மிளகாய் போட்டுவைத்தால் வண்டு அவ்வளவாக வராது. ஈரக் கையால் அள்ளுவதுதான் அரிசி கட்டிபிடித்து நாறுவதற்குக் காரணம். அரிசி கழுவுவதற்கு *முன்* பிடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேகரியுங்கள். 46 நாளும் வீட்டிலேயே கிடந்தால் பாதி வீடுகள் மறந்துபோகும், கடைசி வாரம் கடையில் இரண்டு கிலோ வாங்கித் தந்துவிடுவார்கள். அது தப்பில்லை. ஆனால் தினமும் அடுப்படியில் ஒரு பிடி குறைத்து எடுக்கும்போது வருகிற நினைவு அதில் இல்லை.

நிறுப்பது இரண்டு பேர், எழுதுவது மூன்றாவது ஆள், மூன்று கையெழுத்து. 2 கொரிந்தியர் 8:19-21 பாருங்கள், எருசலேம் தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட்டிப்போகிறார். வீடுவாரியான எடையைப் பலகையில் ஒட்ட வேண்டாம். மொத்த எடை, கொடுத்த வீடுகளின் எண்ணிக்கை, மீதி, அவ்வளவு போதும். யார் வீட்டுக்குப் போனது என்பது மூன்று பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

எந்த வீடு என்று தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமான பகுதி. கேட்கத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் கிடைத்துவிடும். முந்திரி ஆலைக்குப் போய்வந்து இப்போது முட்டுவலியால் வீட்டில் இருக்கிற தனிப்பெண் வாய் திறக்க மாட்டாள். ஆரம்ப சபையிலும் விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டார்கள் (அப்போஸ்தலர் 6:1). அதற்குப் பிரசங்கம் வைக்கவில்லை, ஏழு பேரை வேலைக்கு வைத்தார்கள். நீங்களும் தெருவுக்கு ஒரு பெண்ணை வைத்து விசாரியுங்கள். அடுப்படி நிலவரம் ஆண்களுக்குத் தெரியாது.

அரிசியோடு இன்னொன்றும் செய்யலாம், செலவு பஸ் கூலிதான். விதவை உதவித்தொகைக்கும் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பிக்காத வீடுகள் இருக்கும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குக் கூடப்போக படித்த பிள்ளை ஒன்று போதும். 10 கிலோ அரிசி ஒரு மாசத்துக்குள் தீரும். அந்த விண்ணப்பம் நிறைவேறினால் வருஷக்கணக்கில் நிற்கும். 1820-களில் நாகர்கோவிலில் மிஷனெரிப் பெண்கள் அடிமைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வருமானத்தில் சிலர் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினார்கள். கஞ்சி ஊற்றியதோடு நின்றிருந்தால் அது நடந்திருக்காது.

---

குளச்சல் அன்பியம்

அக்கா சொன்னதோடு ஒன்று: கடற்கரை வீடுகளும் உங்கள் பட்டியலில் இருந்தால் அவர்களுக்கு முழுவதையும் ஈஸ்டருக்கே கொடுத்துவிட வேண்டாம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடை. 61 நாள். அரிசியை அதுவரை வைத்தால் மழையில் பூத்துவிடும். அந்தப் பங்கை இப்போதே விற்றுக் காசாக வைத்து ஜூனில் புதிதாக வாங்குங்கள்.

---

மார்த்தாண்டம் வாலிபன்

கடைசியாக இரண்டு. ஒன்று, கொடுக்கும்போது போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா? அடுத்த வருஷம் ஆள் சேர்க்க உதவும் என்கிறார்கள். இரண்டு, பட்டியலில் இந்து வீடு மூன்று இருக்கிறது. சபைக்காரர்களுக்கு முதலில் என்று ஒருவர் சொல்கிறார். பையில் கைப்பிரதி வைத்தால் கொடுக்கலாம் என்று இன்னொருவர்.

---

தக்கலை வேதபாடம்

போட்டோ: மூட்டை அடுக்கின படம் எடுங்கள், நிறுக்கிற படம் எடுங்கள். வாங்குகிறவர் முகம் வேண்டாம். மத்தேயு 6:2-4-ல் தாரை ஊதினவனுக்குப் பலன் கிடைக்காது என்று சொல்லவில்லை, கிடைத்தாயிற்று என்று சொல்லியிருக்கிறது. லைக் எண்ணிக்கை எவ்வளவோ அவ்வளவு. அந்தப் படத்தை வாங்கினவர் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வைத்துப் பார்க்கும் என்பதையும் நினையுங்கள்.

கலாத்தியர் 6:10 "யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்" என்றுதான் இருக்கிறது. "விசேஷமாக" இருப்பதால் "யாவருக்கும்" அழிந்துவிடாது. அந்த மூன்று வீட்டுக்கும் அதே 10 கிலோ, அதே சம்பா. கைப்பிரதி வேண்டாம். பசியோடு இருப்பவர் அதை வேண்டாம் என்று திருப்பித் தர முடியாது, திருப்ப முடியாத இடத்தில் திணிப்பது சாட்சியாகாது. நம் மாவட்டத்தில் 1982 மண்டைக்காடு இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகு இதில் கூடுதல் கவனம் எல்லாருக்கும் வேண்டும். யாராவது "ஏன் தாறீங்க?" என்று கேட்டால் அப்போது சொல்லுங்கள், 1 பேதுரு 3:15 கேட்கிறவனுக்குப் பதில் சொல்லத்தான் ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது.

இன்னொரு சொல்லையும் வேதபாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய திருவிதாங்கூரில் "ஊழியம்" என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. அரண்மனைக்கும் கோயிலுக்கும் பாரம் சுமந்து, போகாவிட்டால் அடி. நம் முன்னோர் பலர் செய்ததும் அதுதான். சபையில் இன்று அதே சொல்லைச் சந்தோஷமாகச் சொல்கிறோம். ரோமர் 8:15 பயப்படுகிற அடிமையின் ஆவியையும் "அப்பா, பிதாவே" என்று கூப்பிடுகிற பிள்ளையின் ஆவியையும் பிரித்துக் காட்டுகிறது. இந்த 46 நாளும் எந்த ஊழியம் என்று பிள்ளைகளிடமே கேட்டு, பதிலைத் துண்டுச்சீட்டில் பெயரில்லாமல் எழுதி வாங்குங்கள். நூறத்தனை அண்ணனும் எழுதட்டும்.

---

மார்த்தாண்டம் வாலிபன்

சரி சார். டிரம் இரண்டும் நாளைக்குக் கழுவிக் காயப்போடுகிறோம். ஏலப்பாக்கி நோட்டைப் பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன்.